சுந்தரராமனின் திதி ஃபைல்

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் கலீலுல்லா, ஒரு கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் அழித்துத் துடைப்பதற்கு முன் ஒரு சீட்டு எழுதுவார். எதெது வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதி, உரக்க வாசித்துக் காட்டி, அத்தனையையும் தன் ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொள்வார். அதன் பிறகு என்டரை அமுக்க வேண்டியது வீட்டுக்காரரின் விரல். "போறது ஒங்க கையால போகட்டும். நாளப்பின்ன என்னைய ஏசக் கூடாது பாத்தியளா" என்பார். இந்த முறையில் என் கம்ப்யூட்டரை நானே நான்கு தடவை கொன்றிருக்கிறேன்.

கடையநல்லூரிலிருந்து பதினெட்டு வயதில் தாராவிக்கு வந்தவர். மச்சானின் பட்டறையில் லேப்டாப் பை தைத்தார். பைக்குள் வைக்கிற சாமான் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்கப் போனவர் பை தைக்கத் திரும்பவில்லை. இப்போது வயது ஐம்பத்தொன்று. கடை கிடையாது, முதுகில் தொங்கும் பைதான் கடை. அதன் தையல் சரியில்லை என்று இன்றுவரை குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை காலை மாட்டுங்காவிலிருந்து சுந்தரராமன் அவரைக் கூப்பிட்டார். ரயில்வே அலுவலகத்தில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற பாலக்காட்டுக்காரர், எழுபத்தாறு வயது. அவருக்கு ஒரு வேலை உண்டு, அவராக எடுத்துக்கொண்டது. மாட்டுங்கா, செம்பூர், நெருள் என்று சிதறிக் கிடக்கும் எண்பத்து மூன்று வீடுகளில் காலமான நூற்று நாற்பத்தாறு பேரின் திதிகள் அவரிடம் இருந்தன. செத்த தேதி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். திதி அப்படியில்லை, வருஷத்துக்கு வருஷம் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே சில நாட்கள் முன்னதாக அவர் போன் போகும். "வர வெள்ளிக்கிழமை உங்க அப்பா ஸ்ராத்தம். சாஸ்திரிகள்ட்ட சொல்லிடுங்கோ." இருபத்தாறு வருஷத்தில் ஒரு திதி தவறியதில்லை. உயிரோடு இருக்கிறவர்களுக்கும் ஒரு போன் பண்ணலாமே என்று அவர் மனைவி விஜயலக்ஷ்மி சொல்லிக்கொண்டிருப்பார். இரண்டு வருஷமாக அந்த அம்மாளும் பட்டியலில் இருக்கிறார்.

கலீலுல்லா போய்ப் பார்த்தபோது கம்ப்யூட்டர் சுந்தரராமனை ரம்மி ஆடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒரு பெட்டியை மூடினால் நான்கு திறந்தன. அடுத்த வருஷப் பஞ்சாங்கம் இலவசம் என்று எங்கிருந்தோ வந்ததை அமுக்கியிருக்கிறார்.

"பஞ்சாங்கம்னா படிக்கத்தான செய்யணும் சார். அத ஏன் இன்ஸ்டால் பண்ணுனிய?"

"அதுவா பண்ணச் சொல்லித்து பாய். பண்ணினேன்."

துடைப்பதைத் தவிர வழியில்லை. சீட்டில் இரண்டே வரி: திதி ஃபைல், போட்டோக்கள். இரண்டும் ஹார்ட் டிஸ்க்குக்குப் போயின. சுந்தரராமன் ஒரு விநாடி கண்ணை மூடிக்கொண்டு என்டரை அமுக்கினார். மாலைக்குள் கம்ப்யூட்டர் புதுசாகிவிட்டது. நகல் எடுத்த திதி ஃபைலைக் கலீலுல்லா திறந்து காட்டினார். டெலிபோன் நம்பர்கள் அப்படியே இருந்தன. மற்ற இடமெல்லாம் தலையில் தொப்பி போட்ட ஆங்கில எழுத்துகளும், கேள்விக்குறிகளும், டாலர்களும்.

"வைரஸ் போகலை பாய்" என்றார் சுந்தரராமன்.

கலீலுல்லா ஃபான்ட் பட்டியலைத் திறந்து பார்த்தார். "வைரஸ் போயிட்டு சார். கூடவே ஃபான்டும் போயிட்டு."

எல்லாக் கம்ப்யூட்டரிலும் தமிழ் தானாக வருவதற்கு முந்தைய காலத்து ஃபைல் அது. அக்கம்பக்கத்தில் அச்சகம் வைத்திருந்த ஒருவர் தானே ஒரு தமிழ் ஃபான்டைச் செய்து சுந்தரராமனுக்கு ஃப்ளாப்பியில் கொடுத்திருந்தார். எந்த விசைக்கு எந்தத் தமிழ் எழுத்து என்பது அந்த மனிதரின் சொந்தக் கணக்கு. ஃபான்ட் இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் டாலர். விண்டோஸுக்குள் உட்கார்ந்திருந்த ஃபான்ட் துடைத்ததில் போய்விட்டது, ஃப்ளாப்பி எப்போதோ தொலைந்துவிட்டது. பழைய தமிழ் ஃபைலை மாற்றித் தரும் இணையதளங்கள் ஏழில் போட்டுப் பார்த்தார் கலீலுல்லா. ஏழும் ஏழு விதமாக உளறின.

"அந்த அச்சகக்காரர் எங்க சார் இருக்காவ?"

சுந்தரராமன் திரையைக் காட்டினார். "இதுலதான் எங்கயோ இருக்கார்."

நம்பர்கள் இருக்கின்றனவே, ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு, யார் இறந்தார்கள், என்ன திதி என்று கேட்டுவிடலாமே என்றார் கலீலுல்லா. சுந்தரராமனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நான் சொல்ற ஆள் பாய். கேக்கற ஆள் இல்லை."

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். முன்பெல்லாம் பட்டியலில் பாதி மனப்பாடமாக இருந்ததாம். மனைவி போன பிறகு எல்லாம் கலைந்துவிட்டதாம். "இந்த ஃபைல் இல்லேன்னா அந்த எண்பத்து மூணு ஆத்துல ஒருத்தருக்கும் எங்கிட்டப் பேச ஒரு காரணமும் கிடையாது." வரும் வெள்ளிக்கிழமை ஐப்பசி கிருஷ்ண பட்ச தசமி. யாரோ ஒருவருக்குத் திதி, செவ்வாய்க்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

ஃபான்டைத் தனியாக எடுத்து வைக்கத் தோன்றாதது தன் தப்பு என்று கலீலுல்லா சொன்னார். என்டரை அமுக்கியது தான்தானே என்றார் சுந்தரராமன். இப்படி ஆளுக்கு ஆள் குற்றத்தை இழுத்துப் போட்டுக்கொண்டதில் பத்து நிமிஷம் வீணாயிற்று.

கலீலுல்லா ஃபைலை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். பட்டியல் மாத வரிசையில் இருப்பதை வழியிலேயே கவனித்துவிட்டார். முதலில் திரும்பத் திரும்ப வருகிற டாலர்க் கூட்டம் சித்திரை என்றால், கடைசியில் வருவது பங்குனி. பன்னிரண்டு மாதமும் கிடைத்தால் எழுத்தில் பாதி கிடைத்த மாதிரி. திதிகள் பதினைந்தையும் போனில் கேட்டு எழுதிக்கொண்டார். அதில் ஐந்தாறு 'மி'யில் முடிந்தது பெரிய உதவி. ஞாயிறு முழுக்கச் சாப்பாட்டுப் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை.

"மௌத்தானவக பேரெல்லாம் சோத்துத் தட்டுக்குப் பக்கத்துல பரத்தி வச்சிருக்கியளே" என்றார் அவர் மனைவி நஜ்முன்னிசா.

"அவுக ஒண்ணும் சாப்பிட மாட்டாவ. நீ கொழம்ப ஊத்து."

திங்கள் மத்தியானத்துக்குள் எண்பத்தாறு பேர் தமிழுக்குத் திரும்பியிருந்தார்கள். ஐப்பசி, கிருஷ்ண பட்சம், தசமி என்ற வரியில் வெங்கடராமன் என்ற பெயர் வந்தது, பக்கத்தில் ஒரு செம்பூர் நம்பர். ஆனால் கலீலுல்லா எந்த வேலையையும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்காமல் கொடுக்கிறவர் அல்ல. தப்பான வீட்டுக்கு, தப்பான அப்பாவுக்குப் போன் போனால் சுந்தரராமனின் மானம் போய்விடும். சொல்லாமல் கொள்ளாமல் அந்த நம்பரைக் கூப்பிட்டார். வெங்கடராமனின் மகள் சுஷ்மா எடுத்தாள். இவர் விஷயத்தைச் சொன்னார்.

"கரெக்ட், எங்கப்பாதான். வெள்ளிக்கிழமை தசமி. சாஸ்திரிகள்ட்ட போன வாரமே சொல்லியாச்சு."

"போன வாரமேவா? சார் இன்னும் சொல்லவே இல்லையே."

"மொபைல்ல ஆப் இருக்கு பாய். திதி வந்தா அதுவே அலாரம் அடிக்கும். அஞ்சாறு வருஷமா எல்லார் ஆத்துலயும் இருக்கு."

"அப்பம் சார் எதுக்குக் கூப்பிடுதாவ?"

"மாமா கூப்பிடறார். நாங்க எடுக்கறோம்" என்றாள். "அவர்ட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்கோ பாய், ப்ளீஸ்."

கலீலுல்லாவுக்குக் கோபம் வந்தது. ஒன்றரை நாள் கண்ணைக் கெடுத்துக்கொண்டது இதற்கா என்று இருந்தது. பாக்கி அறுபது பேரை டாலராகவே விட்டுவிட்டால் பூமி ஒன்றும் நின்றுவிடாது. ஒரு டீ குடித்து முடிகிறவரை அந்தக் கோபம் இருந்தது. பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எண்பத்தேழாவது ஆளை எடுத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை நூற்று நாற்பத்தாறு பேரும் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும் தமிழில் மாட்டுங்காவுக்கு வந்து சேர்ந்தார்கள். சுந்தரராமன் திரையில் கீழே இறங்கி இறங்கிப் படித்தார். விஜயலக்ஷ்மி என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார், பிறகு மேலே போய் வெங்கடராமனைக் கண்டுபிடித்தார். காது மந்தமாகையால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கூப்பிட்டார்.

"சுஷ்மா, வர வெள்ளிக்கிழமை உங்க அப்பா ஸ்ராத்தம். சாஸ்திரிகள்ட்ட சொல்லிடு."

"அச்சச்சோ! இந்த வெள்ளிக்கிழமையா மாமா? சுத்தமா மறந்தே போயிட்டேன். நல்ல வேளை நீங்க சொன்னேள்!"

"அதான் நான் இருக்கேனே" என்று சுந்தரராமன் போனை வைத்தார். மூன்று நாளாக இல்லாத நிமிர்வோடு நாற்காலியில் சாய்ந்தார். "பாத்தேளா பாய்? நான் ஒருத்தன் இல்லேன்னா வெங்கடராமன் அன்னிக்குப் பட்டினி."

"ஆமா சார்" என்றார் கலீலுல்லா. பையை எடுத்து மாட்டிக்கொண்டு வேகமாகக் கிளம்பிவிட்டார்.

இரண்டாம் மாடிப் படியில் அவர் போன் அடித்தது. சுஷ்மா.

"பாய், சரியாப் பண்ணினேனா? கொஞ்சம் ஜாஸ்தியாயிடுத்தோ?"

"இல்லம்மா. அசலா மறந்த மாதிரியேதான் இருந்துச்சு."

"அப்பாடா. அடுத்த போன் யாருக்கு?"

கலீலுல்லா சட்டைப் பையிலிருந்த தாளைப் பிரித்தார். "வர்ற திங்கக்கிழமை திதி. நெருள்ல கண்ணான்னு ஒரு வீடு."

"கண்ணா ஆத்துலயா? கவலையே படாதீங்கோ" என்றாள் சுஷ்மா. "அவா என்னை விட நன்னா மறப்பா."