மச்சானா, லின்தோயா?

போன வாரம் குற்றாலம் போயிருந்தேன். சாரல் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்கு இருப்புக் கொள்ளாது. பல வருஷம் அங்கே ஒரு ஹோட்டலில் அக்கவுண்டன்டாக இருந்தவனாயிற்றே...

அதே ஹோட்டலுக்குத்தான் சாப்பிடப் போனேன். மேனேஜர் நாற்காலியில் லின்தோய். மணிப்பூர்ப் பெண். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

“வாங்கண்ணாச்சி, எப்ப வந்திய? மதினியக் கூட்டிட்டு வரலியா?”

பக்கத்து டேபிள் குடும்பம் சாப்பாட்டை மறந்து எங்களையே பார்த்தது. தென்காசித் தமிழுக்கு இன்ன முகம்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

ஜன்னல் வழியே ஈரக்காற்று. எனக்குப் பழைய சீசன் ஒன்று ஞாபகம் வந்துவிட்டது.

மதியக் கூட்டம் ஓய்ந்ததும் கிச்சனுக்குப் பின்னால் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம். வெளியே சாரல், உள்ளே கொதிக்கக் கொதிக்க ரசம், ஓயாத அரட்டை. இப்போது நினைத்தாலும் நாக்கு ஊறுகிறது. லின்தோய் மட்டும் எங்களோடு உட்கார மாட்டார். அப்போது அவர் புதிது. ஆர்டர் எடுக்கும் வேலை. தட்டோடு ஸ்டோர் ரூமுக்குப் போய்விடுவார்.

ஏன்? அரட்டையே அவரைப் பற்றித்தான். ஹெட் குக் முருகையா அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ‘சைனா’தான். “சைனா, கண்ணத் தொறந்து ஆர்டர் எடு” என்பார். கிச்சனே சிரிக்கும்.

நான் முதலாளி சுப்பையாவிடம் சொன்னேன்.

“வெளையாட்டுக்குச் சொல்லுதானுவ. ஒரு நோட்டீஸ் ஒட்டிருவோம்” என்றார்.

‘இங்கு அனைவரும் சமம்’ — பெரிய எழுத்தில் ஒட்டினோம். முருகையா நிதானமாகப் படித்தார். “சைனாவுக்குத் தமிழ் தெரியாதே... யாராச்சும் வாசிச்சுக் காட்டுங்கலே” என்றார். மறுபடியும் சிரிப்பு.

சீசன் உச்சத்தில் ஒரு காலை, லின்தோய் பேக்கோடு ஆபீஸ் ரூமுக்கு வந்தார். வேலையை விடுகிறாராம். முதலாளியும் அங்கே இருந்தார்.

“ஏம்மா போற?” என்றார் அவர்.

“என் பேர் என்ன சார்?” என்று கேட்டார் லின்தோய்.

முதலாளிக்குத் தெரியவில்லை. மாசாமாசம் சம்பளம் கொடுக்கிறவர்... தெரியவில்லை. அவர் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. லின்தோயை உட்காரச் சொன்னார். நடந்ததையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு நேராகக் கிச்சனுக்குப் போனார்.

முருகையா சாதாரண ஆளா? முதலாளி மனைவியின் சொந்தத் தம்பி. அவர் கை மட்டனுக்காகவே சங்கரன்கோவிலிலிருந்து கார் போட்டு வருவார்கள்.

“அந்தப் பிள்ளைக்குப் பேரு லின்தோய். எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேளு.”

“ஒரு சைனாக்காரிக்காக என்னையவா சொல்லுதிய, அத்தான்?”

“ஆமா. முடியாதுன்னா இன்னைக்கே கெளம்பு.”

முருகையா ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பியே விட்டார்.

அன்று சாப்பாடு லேட். கஸ்டமர்கள் திட்டினார்கள். அந்த சீசன் முழுக்கவே கூட்டம் குறைந்தது. முதலாளியின் மனைவி பல நாள் அவரோடு பேசவில்லை. அவர் அசையவில்லை. இந்த மாதிரிப் புகார் என்றால் யாராக இருந்தாலும் தன் போனுக்கே கூப்பிடலாம் என்றார். முருகையா போன மறுநாள் மதியமே தட்டோடு வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தார். லின்தோயையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

அப்புறம் ஒரு சர்வர் ரசப் பாத்திரத்தை நகர்த்தினார்.

“லின்தோய்... ஊத்தவா?”

எத்தனையோ நாள் அங்கே சாப்பிட்டிருக்கிறேன். அந்த ஒரு சாப்பாடுதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

அடுத்த வருஷமே லின்தோய் சூப்பர்வைசர் ஆனார். யாருக்கும் அது சலுகையாகப் படவில்லை — வேலை அப்படி.

இப்போதெல்லாம் பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே ட்ரெய்னிங் நடத்துகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் தனக்கு வேண்டிய ஆள் தப்பு செய்யும்போது முதலாளி என்ன செய்கிறார் என்பதைத்தானே ஊழியர்கள் பார்க்கிறார்கள்?

சாப்பிட்டு முடித்து முதலாளியை வீட்டில் போய்ப் பார்த்தேன். வயசாகிவிட்டது. மச்சான் முருகையா இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றார்.

“வருத்தமா இல்லியா?” என்றேன்.

“இல்லாம இருக்குமா? ஆனா அன்னைக்கு அந்தப் பிள்ளை போயிருந்தா, பேருகூடத் தெரியாத எனக்கு வருத்தமே வந்திருக்காதுல்லா... அத நெனச்சாத்தான் பயமா இருக்கு.”