அடுப்புப் பக்கத்துக் கன்னம்

படுக்கையில் விழுந்தவர்களைப் புரட்டுவது, துடைப்பது, ஊட்டுவது. ஸெலிக்குத் தெரிந்த தொழில் அதுதான். மருத்துவமனை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, லூனேவில் ஊரில் சிற்பி ஆன்ஸெல்மைக் கவனிக்க வந்தாள். பக்கவாதம் அவருடைய வலது கையை முடக்கி, வாயை இடப்பக்கம் இழுத்திருந்தது.

இருந்தது ஒரே அறை. ஒரு மூலையில் அவர் கட்டில், எதிர் மூலையில் ஈரத்துணி சுற்றிய களிமண் பெண். மார்பளவு உருவம், கூந்தலில் திராட்சைக் கொத்து. இலையுதிர்காலத்தைப் பெண்ணாக வடித்திருந்தார். நடுவில் இரும்பு அடுப்பு.

"அடுப்பை அணை. மண்ணு இறுகுது."

"அணைச்சா குளிர்ல நீங்க விறைச்சுப் போவீங்க."

"நான் போனா போறேன். இனிமே இன்னொருத்தியைச் செய்ய எனக்குக் கை ஏது?"

"உங்களைப் பாத்துக்கத்தான் எனக்குக் கூலி ஐயா, அவளுக்கு இல்ல."

ஆனால் உள்ளே குடையாமல் சூளையில் வைத்தால் உருவம் வெடித்துவிடும். இன்னும் இறுகினால் குடையவும் முடியாது. அவர் கை எழவில்லை. அன்று காலையே ஸெலி களிமண் அறுக்கும் கம்பியை எடுத்தாள்.

"காதுக்கு மேல. சாய்க்காத."

கம்பி உச்சந்தலையை அறுத்துக்கொண்டு போனது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். மூடியைக் கழற்றுவதுபோல மண்டையைத் தூக்கி வைத்துவிட்டு, உள்ளிருந்த மண்ணைக் கரண்டியால் வழித்தாள். மூக்குக்குப் பின்னால் கரண்டி போனபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். விரல் கனத்துக்குச் சுவரை விட்டு, மண்கூழ் பூசி, தலையை மறுபடி ஒட்டினாள்.

"இனி தினமும் அவளைத் திருப்பி வை. ஒரே பக்கம் சூடு பட்டா கோணிக்கும்."

திருப்பினாள். ஆனால் அவருக்கு நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் வந்த நாட்களில் விறகை அள்ளிப் போட்டாள். அவரை மட்டும் புரட்டிப் புரட்டிப் போட்டாள். சிலையின் நினைவே இல்லை. அவர் பிழைத்தார்.

பனி உருகியதும், கூரை ஓடு சுடும் சூளைக்காரன் பர்னபே சிலையைச் சுட எடுத்துப்போக வந்தான்.

"உள்ள எங்கயாவது தடியா விட்டிருந்தா என் ஓடும் சேர்ந்து வெடிக்கும், ஸெலியம்மா."

"வெடிச்சா என்னை வந்து திட்டு."

சூளை எரிந்த நாட்களில் தெருவில் எது விழுந்தாலும் ஆன்ஸெல்ம் திடுக்கிட்டார். ஒரு வழியாக பர்னபே வண்டியில் கொண்டுவந்து இறக்கி, வைக்கோலைப் பிரித்தான்.

வெடிக்கவில்லை. விரிசலும் இல்லை. ஆனால் அடுப்புப் பக்கக் கன்னம் சுருங்கி, வாய் இடப்பக்கம் ஏறியிருந்தது. பர்னபே தொப்பியைத் திருகினான்.

"திருப்பலையா?" என்றார் ஆன்ஸெல்ம்.

"காய்ச்சல்ல உங்களைத்தான் திருப்பினேன். அவளை மறந்துட்டேன்."

அவர் வெகுநேரம் சிலையையே பார்த்தார். இடது கையால் தன் வாயைத் தடவினார்.

"எனக்கு இழுத்ததும் இந்தப் பக்கந்தானே?"

"ஆமா."

"இவளை எவன் வாங்குவான்? என் கட்டிலுக்கு எதிர்ல வை."

ஸெலி வைத்தாள். "சரி, வாயைத் திறங்க. சூப் ஆறுது."