ஊ மாணிக்கத்தின் பஸ் கிளம்பாத காலை

இன்று டிசம்பர் ஒன்பது. எனக்கு எழுபத்தொன்பது வயதும் ஏழு மாதமும் ஆகின்றன. ஊ மாணிக்கம் நேற்று மதியம் இறந்துவிட்டார்.

சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. என்னைவிட இளையவர்... முந்திக்கொண்டார்.

இந்தப் பதிவின் கீழே அழுகிற முகப் பொம்மைகளை வரிசையாகப் போட வேண்டாம். அவர் அழுமூஞ்சி ஆள் இல்லை. எனக்கும் அது ஆகாது.

அவரை அறியாதவர்களுக்காக: யாங்கோனில், கியாக்டடாவிலிருந்து இன்சீன் போகும் பஸ்ஸை ஓட்டியவர். பெயருக்கு முன்னால் வரும் 'ஊ', பர்மாவில் வயதில் பெரிய ஆண்களுக்குத் தரும் மரியாதை. அதே பஸ்ஸில் ஸ்பேராக, அதாவது கண்டக்டராக, ஏறிய பெண் ராசாத்தி. ஏறியவள் இறங்கவே இல்லை, கல்யாணம் செய்துகொண்டார்கள்.

ஓய்வு பெற்றபோது, பழையதென்று கழித்துவிட்ட அந்தப் பஸ்ஸையே வாங்கினார்கள். இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு, பாயும் அடுப்பும் ஒரு கொசுவலையும் போட்டார்கள். வீடு தயார்.

குளிர்காலம் வந்தால் கியாக்தான் ஊரைத் தாண்டிக் கடலோரம் போய்விடுவார்கள். 1920களில் எவரோ ஒரு வெள்ளைக்காரர் கட்டிய பங்களா, இப்போது படிக்கட்டு மட்டும் மிஞ்சியிருக்கும் ஒரு தென்னந்தோப்பு... அங்கே இவர்களைப் போலவே வண்டியோடு வந்து தங்கும் ஓய்வு பெற்ற ஜோடிகள் இன்னும் சில உண்டு. தனி ஆள் நான் ஒருத்திதான். பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போய், பக்கத்தில் ஒரு மூங்கில் குடிலை வாடகைக்கு எடுத்துக்கொள்வேன்.

கடல் என்றதும் நீலமாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். எங்கள் கடல் பால் ஊற்றிய தேநீரின் நிறம். ஆனால் அந்த உப்புக் காற்றில்தான் ராசாத்தியின் இருமல் அடங்கும். அதற்காகத்தான் அத்தனை ஏற்பாடும்.

மாலையில் யாராவது தேநீருக்கு வந்தால் வாசலில் நின்று அதட்டுவாள். "படியில நிக்காத. உள்ள போ, உள்ள போ. சயாமா, நீங்களுந்தான்." சயாமா என்றால் ஆசிரியை. பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்ததற்கு எனக்கு மிஞ்சிய பட்டம் அதுதான்.

சமையல் ஊ மாணிக்கத்தின் பொறுப்பு. பெரும்பாலும் கருகிவிடும்.

"மீனக் கருக விட்டுட்டு என்னய்யா சிரிப்பு?"

"கடலப் பாத்தேன், ஸ்பேரு."

"கடல் எங்கயும் ஓடிராது. மீனு போச்சு."

அதற்கும் சிரிப்பார். தோப்பு முழுவதும் அவரைப் பொறுமைசாலி என்றது.

அவர்கள் மகனுக்கு மட்டும் இந்தப் பயணம் பிடிக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் கிளம்பும் நேரத்தில் வந்து நிற்பான். "வயசான காலத்துல ஸ்டியரிங் எதுக்குப்பா? ஒடம்புல ஒரு கொற தெரிஞ்சாலும் வண்டிய வித்துருவேன், சொல்லிட்டேன்." சொன்னால் செய்கிற பிள்ளை.

தொழில் பழக்கம் ஒன்றை இருவரும் கடைசிவரை விடவில்லை. ராசாத்தி பின்வாசலில் நின்று பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினால்தான் அவர் வண்டியை எடுப்பார். பயணி என்று இருப்பது நான் ஒருத்திதான் என்றாலும் அதே மரியாதை.

ஒரே ஒரு முறை அது தவறியது. சில ஆண்டுகளுக்கு முன், ஊர் திரும்பும் நாள் காலை. ராசாத்தி தட்டினாள், பஸ் நகரவில்லை. மறுபடி தட்டினாள். பிறகு குத்தினாள்.

"யோவ் டிரைவர், கை வலிக்குதுய்யா."

பக்கத்து வண்டிக்காரர்கள் காப்பியோடு வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். டிரைவரிடம் போய்க் கெஞ்சுவது ஸ்பேருக்கு அழகில்லை என்று அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கடைசியில் பொறுக்காமல் முன்னால் வந்து அவர் எதிரே இடுப்பில் கை வைத்து நின்றாள்.

அவர் சிரித்தபடி, "கெளம்பலாமா?" என்றார்.

கியாக்தான் வரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

நேற்று, கிடத்தியிருந்த உடலின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என் காதில் சொன்னாள்: "மத்ததெல்லாம் மறந்துட்டேன் சயாமா. அன்னைக்கு அத்தன பேரு முன்னாடி என் கைய அவரு மதிக்கல. அது மட்டும் நெஞ்ச விட்டுப் போவ மாட்டேங்குது."

கூட்டம் இருந்தது. எழுதிக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நல்லபடியாகப் போய்ச் சேருங்கள், ஊ மாணிக்கம். மீனை இனி வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

இனி எழுதுவது ராசாத்திக்கு. நேரில் சொன்னால் நடுவில் பேசுவாய், முடிக்க விடமாட்டாய். உன் மகனும் படிக்கட்டும். இனி விற்பதைப் பற்றி அவன் யாரையும் மிரட்ட முடியாது. உனக்குத்தான் ஓட்டத் தெரியாதே.

உன் புருஷனுக்குக் காது கேட்காது.

அத்தனை வருஷம் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததில், ஓய்வு பெறும் முன்பே போய்விட்டது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். நீ தட்டியது கேட்டு அவர் வண்டியை எடுக்கவில்லை... இடப்பக்கக் கண்ணாடியில் உன் கை உயர்ந்து இறங்குவதைப் பார்த்துத்தான் எடுத்தார்.

அன்று காலை அந்தக் கண்ணாடியின் மேல் உன் ஈரத் துண்டைக் காயப் போட்டிருந்தாய். துண்டு அங்கே கிடக்கும்வரை நீ கிளம்ப மாட்டாய் என்று அவர் உட்கார்ந்திருந்தார். நீ தகரத்தை உடைத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் இருந்த என்னிடம் திரும்பி, "அவ இன்னும் ரெடியாகல போல சயாமா" என்றார். எவ்வளவு நிதானமாக என்கிறாய்...

எனக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்குப் புரிந்துவிட்டது அவருக்கும் புரிந்தது. ஊர் வந்து இறங்கியதும், நீ பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னார்:

"பையனுக்குத் தெரிஞ்சா வண்டி போச்சு சயாமா. அவ யாங்கோன் வீட்டு நாலாவது மாடியில குளிர்காலம் பூரா இருமிக்கிட்டுக் கெடப்பா. அவகிட்டயும் சொல்லிராதீங்க, ஓட்ட விடமாட்டா."

காது கேளாதவர் வண்டி ஓட்டக்கூடாது என்று இயற்பியலில் விதி எதுவும் இல்லை. நான் சொல்லவில்லை.

அதன்பின் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அந்தக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் நான் பஸ்ஸில் ஏறினேன், ராசாத்தி.