பெரியப்பாவின் அன்னங்கள்

எண்ணெய் காணாத கதவைத் திறப்பதுபோல் கரகரத்த கத்தல்; மாசியான கும்ப மாதத்து விடியலில் எங்கள் குளத்திலிருந்து அது கேட்டதும் பாயைவிட்டு எழுந்து ஓடினேன். தண்ணீர் நிறைய வெள்ளைப் பறவைகள் மிதந்துகொண்டிருந்தன. திருவிதாங்கூர் சர்க்காரில் குமாஸ்தாவாக இருந்து ஓய்ந்த பெரியப்பா, அவை கைலாசத்து அன்னங்கள் என்று சொல்லிக் கைகூப்பினார்.

எங்கள் ஊரான காரோட்டுக்குக் கடல் அப்படியொன்றும் தூரமில்லை. ஆனால் சைவக் குடும்பமான நாங்கள் ஆடி அமாவாசையான ‘கர்க்கடக வாவு’க்கு முன்னோருக்குப் பிண்டம் வைக்க மட்டுமே அங்கே போவோம், அந்த மழைக்காலத்தில் இந்தப் பறவைகள் கரையில் இருப்பதில்லை. அப்புறம் அவை என்ன பறவை என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? குடும்பமே பொரி இறைத்துக் கும்பிட்டது.

அதோடு நின்றிருக்கலாம். அன்னங்களுக்குத் தண்ணீர் குறையக்கூடாதென்று பெரியப்பா மடையைக் களிமண் வைத்து அடைத்தார். குளத்தில் இறங்க நாங்கள் விடாத கீழ்க்கரைச் சனங்கள் கோடையில் குடம் வைத்துப் பிடித்தது அந்த மடையில்தான். பொழியூரிலிருந்து மீன்கூடை சுமந்து நடந்துவரும் திரேசா கையேந்திக் குடித்ததும் அங்கேதான். அன்று அவள் வறண்ட மடையையும் குளத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“ஏமானே, இது எங்க கடலுல பறக்குத கடக்காக்கா ஆக்கும். மீன் தின்னுத சாதி. மடையத் தொறந்து விடணும், தொண்டை வறளுது.”

“கடலக் கண்டவளுக்குக் கைலாசத்தப் பத்தி என்னட்டி தெரியும்?” என்றார் பெரியப்பா.

அவர் வாய் மூடுமுன் ஓர் அன்னம் தாழப் பறந்துவந்து, அவள் கூடையிலிருந்து ஒரு சாளை மீனைக் கவ்வி, எங்கள் படித்துறையில் உட்கார்ந்து விழுங்கியது. எல்லோரும் பார்த்தோம். இனி மடை திறந்துவிடும் என்றுதான் நினைத்தேன். பெரியப்பாவோ, அன்னத்தின் வாயை அவள் கெடுத்துவிட்டாள் என்று சொல்லிக் குளத்துக்குத் தீட்டுக் கழிக்கும் ‘புண்ணியாகம்’ செய்யவைத்தார். இனி அந்த வழியே அவள் நடக்கக்கூடாதென்றும் விரட்டினார். ஒரு வாய்த் தண்ணீர் கிடைக்காமல் அவள் திரும்பிப் போனாள். பறவைகள் அடுத்த மீன மாதத்திலேயே போய்விட்டன. மடை மட்டும் கோடை முழுக்க, இடவப்பாதி மழைவரை, அடைத்தே கிடந்தது. தெரியாமல் கும்பிட்டதைப் பொறுக்கலாம். கண்ணால் கண்ட பிறகும் அடைத்து வைத்ததை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.

இப்போது குளமும் இல்லை, மடையும் இல்லை. தூர்த்து மரச்சீனிக் கிழங்கு நட்டிருக்கிறார்கள். போன தனு மாதம், மார்கழியில், அண்ணன் மகன் குடும்பத்தோடு பொழியூர்க் கடற்கரைக்குப் போயிருந்தேன். நம் குளத்தில் ஒருகாலத்தில் அன்னம் இறங்கியதாக்கும் என்று அவன் தன் பிள்ளையிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தான். தண்ணீர் கேட்டவள் அந்தக் கதையில் இல்லை. நான் பிள்ளையின் தாடையைப் பிடித்து மேலே நிமிர்த்தினேன்.

“அன்னம் அங்க பறக்குது பாரு மக்கா. சாளை தின்ன வந்திருக்கு.”