மாட்டேன் என்று சொல்ல ஒரு கியர்பாக்ஸ்

சமையலறையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

பிக்கப் வண்டியின் அடியில் மல்லாந்து கிடந்த லாய்டின் கை, பிடித்திருந்த ஸ்பேனரோடு அப்படியே நின்றது. அந்த வீட்டில் நாற்காலியைத் தூக்கிப் போடாமல் தரையைக் கீறிக்கொண்டு இழுக்கிற ஆள் ஒருவன்தான். அடுத்து கோப்பையில் காப்பி ஊற்றுகிற சத்தம் வந்தது. பிறகு அவர் மனைவி அர்லீன் சிரித்தாள். சந்தேகமே இல்லை. அர்லீனின் தம்பி டெல்பர்ட் வந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. மறுநாள் விடியலில் மான் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. பதினோரு வருடங்களாக, பருவத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலையில் டெல்பர்ட் வருவான், அதே நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடிப்பான், பிக்கப்பின் சாவியை வாங்கிக்கொண்டு போவான். லாய்டும் கொடுத்துவிடுவார்.

இந்த வருடம் கொடுக்கப் போவதில்லை. அதற்காகத்தான் நான்கு வாரமாக இந்த கராஜின் சிமெண்டுத் தரையில் அவருடைய முதுகு தேய்ந்துகொண்டிருந்தது.

லாய்ட் ஹவ்கனுக்கு அறுபத்துமூன்று வயது. மொன்டானாவின் கிழக்குக் கோடியில், ஹார்ல்சன் என்ற சிற்றூரின் சாலைகளில் முப்பத்தோரு குளிர்காலம் பனி தள்ளிவிட்டு ஓய்வு பெற்றவர். எதிரே வருவது தெரியாத பனிப்புயலிலும் ஒற்றை ஆளாக வண்டி ஓட்டியவர். ஆனால் ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்து ‘மாட்டேன்’ என்று சொல்ல அவரால் முடிந்ததே இல்லை. அந்த வார்த்தை தொண்டை வரை ஏறி வரும். அங்கே ஏதோ ஒன்று குறுக்கே விழும். வாயைத் திறந்தால் ‘அதுக்கென்ன, சரி’ என்று வெளியே வரும். இப்படித்தான் பந்து பிடிக்கத் தெரியாத அவர் ஆறு வருடம் பெண்கள் சாஃப்ட்பால் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். ஒரே கலைக்களஞ்சியத்தை இரண்டு விற்பனையாளர்களிடம் வாங்கினார். லுத்தரன் சபையின் பாடகர் குழுவில் பத்தொன்பது வருடமாக வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்கிறார். கல்யாணத்தைக்கூட அர்லீன்தான் கேட்டாள். அப்போதும் ‘அதுக்கென்ன, சரி’ என்றுதான் சொன்னார். வாழ்நாளில் மனம் நிறைந்து சொன்ன ஒரே ‘சரி’ அதுதான் என்பதை, முப்பத்தெட்டு வருடமாகியும் அவளிடம் சொல்லத் தோன்றவில்லை.

அப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த மைத்துனன் டெல்பர்ட். ஐம்பத்தெட்டு வயது, குள்ள உருவம், ஊர்த் தானியக் கிடங்கில் வேலை. மனைவி போன பிறகு ஒற்றை ஆள். சொந்தமாக ஒரு சின்னக் கார் இருந்தது; ஆனால் விறகு ஏற்ற, சோபா நகர்த்த, ஒருமுறை யாருடைய ஆட்டையோ கொண்டுபோக, எல்லாவற்றுக்கும் லாய்டின் நீல நிற பிக்கப்தான். திரும்பி வரும்போது டாங்க் காலியாக இருக்கும். இருக்கை ஸ்டியரிங்கை இடிக்கும் அளவுக்கு முன்னால் இழுக்கப்பட்டிருக்கும். தரையெங்கும் அவன் கொறித்துத் துப்பிய சூரியகாந்தி விதைத் தோல். இதையெல்லாம் லாய்ட் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்று. பருவத்தின் முதல் நாள் காலை, தன் வண்டியில், தன் துப்பாக்கியோடு மலைச்சரிவில் போய் நிற்கிற பாக்கியம் அவருக்குப் பதினோரு வருடமாக இல்லை. அர்லீனின் சின்னக் காரில் போய் வந்தார். போன வருடம் அதன் கூரையில் ஒரு கலைமானைக் கட்டிக்கொண்டு ஊருக்குள் நுழைந்தபோது, பெட்ரோல் பங்கில் நின்றிருந்தவர்கள் சவ ஊர்வலத்துக்குச் செய்வது போலத் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார்கள். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

யோசனை உதித்தது செப்டம்பரில், பாடகர் குழுவில் வாயசைத்துக்கொண்டிருந்தபோது. டெல்பர்ட் பதினேழு வயதில் அவன் அப்பாவின் கிளட்ச் வண்டியை எடுத்து, அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, நேராக மாட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கியவன். அதற்குப் பிறகு கிளட்சை அவன் மிதித்ததாக லாய்ட் கேள்விப்பட்டதில்லை. பிக்கப்பில் இருக்கிற, தானாகக் கியர் மாறும் ஆட்டோமேட்டிக்கைக் கழற்றிவிட்டுக் கையால் போடும் கியர் வைத்துவிட்டால்? ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். வண்டியே சொல்லிவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லாய்டின் வாயிலிருந்து பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாகச் சத்தம் வந்தது. பக்கத்தில் நின்றவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

பழைய இரும்புக் கடையில், விபத்தில் நசுங்கிய ஒரு வண்டியிலிருந்து கியர்பாக்ஸ், கிளட்ச் பெடல் எல்லாம் கழற்றி வந்தார். பெடலை மாட்டுவதற்கு டாஷ்போர்டின் அடியில் தலைகீழாகக் கிடந்து இரண்டு வாரம் போனது. பழுதே இல்லாத ஆட்டோமேட்டிக்கை இறக்கித் தார்ப்பாயால் மூடி மூலையில் தள்ளினார். ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் அது செத்துவிட்டது என்று சொன்னார்.

எல்லாம் சரியாக வந்து, கடைசியில் இன்று காலை கியர்பாக்ஸ் ஒரு விரல் அகலம் உள்ளே போகாமல் நின்றுவிட்டது. ஜாக்கியை ஏற்றினார், இறக்கினார், ஆட்டினார், கெஞ்சினார். இரும்புக்குக்கூட மாட்டேன் என்று சொல்லத் தெரிந்திருக்கிறதே என்று அவருக்குக் கண் கலங்கியது.

கதவு திறந்தது. டெல்பர்ட்டின் பூட்ஸ் வண்டியின் பக்கம் வந்து நின்றது.

“என்ன லாய்டு, வண்டி உன்னப் பிரசவிச்சிடுச்சா, இல்ல இன்னும் பாதிலதான் நிக்குதா?”

கிடங்கில் லீவு சொல்லிவிட்டு உதவிக்கு வந்திருப்பதாகச் சொன்னான். உதவி வேண்டாம் என்று சொல்ல லாய்ட் வாயைத் திறந்தார். அதுக்கென்ன, சரி என்று வந்தது.

டெல்பர்ட் வண்டிக்கடியில் நுழைவதற்கு முன் கராஜை ஒரு சுற்றுச் சுற்றினான். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தான். பக்கத்துத் தட்டில், ஆட்டோமேட்டிக்கிலிருந்து வடித்த ஆயில் இருந்தது. அதில் ஒரு விரலைத் தோய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், முகர்ந்தான். பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். லாய்டின் இதயம் ஜாக்கியை விட வேகமாக ஏறி இறங்கியது.

“பழசுல ரெண்டாவது கியர் விழல. மெக்கானிக்குங்க கைவிட்டுட்டாங்க,” என்றார் லாய்ட்.

“அப்படியா,” என்றான் டெல்பர்ட்.

இருவருமாகக் கியர்பாக்ஸைப் பின்னுக்கு இழுத்து இறக்கிப் பார்த்தபோது குற்றவாளி அகப்பட்டான். இன்ஜினின் பின்முனையில், நடுவே ஒரு குழி உண்டு. ஆட்டோமேட்டிக்குக்கு அது வெறுமே கிடக்கும். கிளட்ச் வண்டிக்கோ அதில் மோதிரம் போல ஒரு பித்தளைப் புஷ் அடிக்க வேண்டும். கியர்பாக்ஸின் தண்டு நுனி அதில்தான் உட்காரும். லாய்ட் புதுசு வாங்காமல், தன் காப்பி டப்பாவில் கிடந்த பழைய புஷ் ஒன்றை எடுத்து அடித்திருந்தார். முப்பது வருடமாக எதையும் தூக்கி எறியாமல் சேர்த்த டப்பா அது. அதில் இல்லாத பொருள் உலகத்தில் இல்லை என்பது அவர் நம்பிக்கை. வெளியளவு கச்சிதம். உள்துளை மயிரிழை சின்னது.

“அளந்து பாத்தியா?” என்று டெல்பர்ட் கேட்டான்.

“வெளிய அளந்தேன்.”

“தொப்பிய மட்டும் அளந்துட்டுத் தலைய விட்டுட்ட.”

அடித்து இறக்கிய புஷ்ஷை வெளியே எடுப்பது எப்படி? பிடித்து இழுக்க விளிம்பு இல்லை. பின்னாலிருந்து தட்ட வழியில்லை. அதற்கான கருவி எண்பது மைலுக்கு அப்பால் இருந்தது. லாய்ட் தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். நாளைக் காலை, மலைச்சரிவு, வெள்ளி முளைக்கும் வானம், எல்லாம் ஒரு மயிரிழையில் தொங்கிற்று.

டெல்பர்ட் யோசனையோடு தாடையைச் சொறிந்தான். “ரொட்டி இருக்கா?”

இந்த நேரத்திலும் இவனுக்குத் தின்பதிலேயே கண்ணா என்று லாய்டுக்கு உள்ளம் கொதித்தது. ஆனால் அவன் சமையலறைக்குப் போய், சபையின் அறுவடை விருந்துக்காக அர்லீன் சுட்டு வைத்திருந்த இரண்டு ரொட்டிகளில் ஒன்றோடு திரும்பினான். பின்னாலேயே அர்லீன் வந்தாள். நனைத்த ரொட்டியை அந்தக் குழிக்குள் திணித்து, துளைக்குள் கச்சிதமாக நுழையும் கம்பியால் அடிக்கப் போவதாக அவன் விளக்கினான். உள்ளே போன ரொட்டிக்கு ஓட வேறு இடமில்லாமல் புஷ்ஷைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்துவிடுமாம்.

அர்லீன் தம்பியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். “ஒண்ணுதான். இன்னொண்ணத் தொட்டீங்கன்னா, உங்க ரெண்டு பேரையும் அந்தக் குழிக்குள்ள வெச்சு அடிச்சிருவேன்.”

டெல்பர்ட் திணித்தான், லாய்ட் சுத்தியலால் அடித்தார். திணித்தான், அடித்தார். அரை ரொட்டி உள்ளே போயிற்று. அர்லீன் சுவரில் சாய்ந்து, ஜெபத்தில் நிற்பவள் போலக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். முக்கால் ரொட்டி போனபோது, பித்தளைப் புஷ் மெல்லத் தலையை நீட்டியது. இன்னும் நாலு அடி. ‘டொப்’பென்று லாய்டின் மடியில் விழுந்தது.

அர்லீன் மிச்ச ரொட்டியோடு சமையலறைக்குத் திரும்பினாள்.

ஊர்க் கடையில் புதுப் புஷ் வாங்க டெல்பர்ட், தன் கார் வாசலில் நிற்க, அர்லீனின் காரை எடுத்துக்கொண்டு போனான். வழக்கம்போல கராஜின் பக்கக் கதவை அப்படியே திறந்து போட்டுவிட்டுப் போனான். ஈரத்தில் உப்பிய கதவு அது. கைப்பிடியைத் தூக்கி, உள்ளேயிருந்து இழுத்தோ வெளியேயிருந்து தோளால் இடித்தோதான் சாத்த முடியும். பதினோரு வருடமாக அவன் திறந்துவிட்டுப் போவதும், லாய்ட் எழுந்து போய்ச் சாத்துவதும்தான். இன்றும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து சாத்தினார்.

மாலை நான்கு மணிக்கு கியர்பாக்ஸ் வெண்ணெயில் கத்தி போல உள்ளே இறங்கியது. ஐந்து மணிக்கு பிக்கப் உறுமி எழுந்தது. லாய்ட் ஸ்டியரிங்கைப் பிடித்தபோது அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கிளட்சை விட்டார். வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. மறுபடி. மறுபடி. இருபது வருடமாகக் கிளட்சை மறந்த இடது முழங்கால் அவருக்குத் துரோகம் செய்தது.

“நகரு,” என்றான் டெல்பர்ட்.

லாய்ட் நகர்ந்தார். மனதுக்குள் அந்த மாட்டுத் தண்ணீர்த் தொட்டி வந்து போயிற்று. டெல்பர்ட் இருக்கையை முன்னால் இழுத்தான். வண்டி தொட்டில் குழந்தை விழிக்காத மாதிரி நகர்ந்தது. இரண்டு, மூன்று, நான்கு. கியர் விழுந்ததே தெரியவில்லை. ஊரின் தண்ணீர் டாங்க் வரை போய்த் திரும்பி, ஒரே மூச்சில் பின்னோக்கி வந்து கராஜுக்குள் நிறுத்தினான்.

நான்கு வாரம். நசுங்கிய இரண்டு விரல், தேய்ந்த முதுகு, ஒரு ரொட்டி. லாய்டின் உலகம் சத்தமில்லாமல் இடிந்து விழுந்தது. எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார்.

“கிடங்குலதான். கோதுமை ஏத்திட்டு வர்ற கிழட்டு லாரியெல்லாம் எடை மேடையில ஏத்துறது யாருன்னு நெனச்ச? டிரைவருங்க இறங்கி காப்பிக்குப் போயிடுவாங்க. பதினாலு வருஷமா நான்தான்.” அவன் இன்ஜினை அணைத்தான். சாவி அவன் கையிலேயே இருந்தது. “அப்போ நாளைக்கு நான் இதை...”

லாய்டின் தொண்டைக்கு அது ஏறி வந்தது. குறுக்கே அந்த ஏதோ ஒன்று விழப் பார்த்தது. ஆனால் இப்போது அவரிடம் ஒளிந்துகொள்ள வேறு இடமில்லை. இன்ஜின் குழிக்குள் அகப்பட்ட ரொட்டி போல அந்த வார்த்தைக்கும் ஓட வழியில்லை.

“தர மாட்டேன்,” என்றார்.

சமையலறையில் தட்டுகளின் சத்தம் நின்றது.

டெல்பர்ட் சாவியை லாய்டின் உள்ளங்கையில் வைத்தான். “சரி.”

“சரியா?”

“அந்த ஆயில் சிவப்பா, சுத்தமா இருந்துது லாய்டு. கருகின வாசனையே இல்ல. காலைலயே தெரியும், எனக்காகத்தான் இத்தனை வேலையும்னு.” விதை ஒன்றைக் கடித்தான். “வாயால சொல்லியிருக்கலாம்ல?”

“வரல,” என்றார் லாய்ட்.

தெரிந்தும் ஏன் நாளெல்லாம் கூட நின்றாய் என்று கேட்க நினைத்தார். அதுவும் வரவில்லை. டெல்பர்ட் இறங்கிக் கோட்டை மாட்டிக்கொண்டான். பக்கக் கதவு வரை போய் நின்றான்.

“அப்போ போற வழியில அஞ்சு மணிக்கு என்னையும் ஏத்திக்க. தனியாப் போய்த் தனியா வந்து அலுத்துப்போச்சு.”

லாய்ட் வாயைத் திறந்தார். ஒரு நாளைக்கு ஒரு ‘மாட்டேன்’தான்; அதற்கு மேல் அவரிடம் இருப்பு இல்லை.

“அஞ்சு இல்ல. நாலரை,” என்றார். பிறகு, புதிதாகக் கிடைத்த பலத்தின் மிச்சத்தையும் திரட்டி, “விதை கொண்டு வரக் கூடாது,” என்றார்.

“கொண்டு வருவேன்,” என்றான் டெல்பர்ட்.

வெளியே போனான். லாய்ட் பழக்கதோஷத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழப் போனார். அதற்குள் வெளியிலிருந்து கைப்பிடி மேலே தூக்கப்பட்டது; ஒரு தோள் இடித்தது; கதவு சாத்திக்கொண்டது.