யாருக்கும் காட்டாத தாள்

ரோஸ்மேரி எங்கள் கல்லூரியில் பதினெட்டு வருஷமாக வணிகவியல் நடத்துகிறார். மதிய வெஞ்சனத்தில் பாதியைப் பக்கத்து நாற்காலிக்குத் தள்ளிவிடுகிற மனுஷி. அந்த நாற்காலி என்னுடையது. போன வருஷம் மதிப்பீட்டுக் குழு வருகிறது என்றதும் முதல்வருக்கு மாணவர் மனநலத்தின் மேல் திடீரென்று பாசம் பொங்கியது. துவண்டுபோன பிள்ளைகளைப் பேசி நிமிர்த்த 'மீள்திறன் பயிற்சியாளர்' என்றொரு பட்டத்தை உண்டாக்கி இவர் தலையில் கட்டினார்.

இவரோ அதை நிஜமென்று நம்பினார்! ஆறு வாரம் ஆன்லைனில் படித்தார். அறிவுரை சொல்லக்கூடாது, கேள்வி கேட்க வேண்டும், பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இதுதான் பாடம். எங்கள் ஆசிரியர் அறையில் வேறு யாருக்கும் ஏழு ஜென்மத்துக்கும் இது வராது, என்னையும் சேர்த்து.

தஹ்சீன் இரண்டாம் வருஷ மாணவி. பயத்தில் வாந்தியெடுத்து, இரண்டு பரீட்சைக்கு வராமல் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தவள். வீட்டில் பரீட்சை எழுதிவிட்டதாகச் சொல்லியிருந்தாள். யாருக்கும் காட்டமாட்டேன் என்று ரோஸ்மேரி வாக்குக் கொடுத்த பிறகே அதைத் தாளில் எழுதினாள். நான்கு மாதம் பேசினார்கள். ஏப்ரலில் இரண்டையும் எழுதுவது, அத்தாவிடம் தானே சொல்லிவிடுவது என்று அவளே முடிவெடுத்திருந்தாள்.

அவள் எழுதிக் கொடுத்த தாள், பயிற்சிக்கென்று அலுவலகம் பழைய வருகைக்குறைவுக் கடிதத்தைத் திருத்தி அடித்த படிவம். அடியில் 'பெற்றோர் கையொப்பம்' அப்படியே கிடந்தது. எங்கள் கல்லூரியில் காய்ச்சல் விடுப்புக்கும் அது வேண்டும். பிள்ளைகளே போட்டுவிடுகிறார்கள் என்று அலுவலகம் தபாலில் அனுப்பி வாங்கும். குழுவுக்குக் காட்டக் கோப்பு வேண்டும் என்று முதல்வர் பிடிவாதம் பிடிக்க, ரோஸ்மேரி தன்னிடம் பேசிய நாற்பது பிள்ளைகளின் தாள்களையும் உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். கிளார்க் சடையாண்டி உறையைப் பிரித்தார், கையொப்பம் இல்லையென்று கண்டார், நாற்பதையும் வீடுகளுக்கு அனுப்பிவிட்டார். அவரிடம் இவ்வளவு சுறுசுறுப்பை நான் கண்டதேயில்லை.

மூன்றாம் நாள் அவள் அத்தா கிதர் முகம்மது, நாகல் நகரில் செருப்புக்கடை வைத்திருப்பவர், மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார். பெற்றோரிடம் எதையும் மறைப்பதில்லை என்று முதல்வர் பெருமையடித்துக்கொண்டார். வெட்கங்கெட்ட மனுஷன். வந்தவர் ரோஸ்மேரியைத்தான் பார்த்தார்.

"பரீட்ச போனா போகுது டீச்சர், அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. யாருக்கும் காட்டமாட்டேன்னு சொன்னீங்களாமே. இனி அந்த கேட்டுக்குள்ள வரமாட்டேன்னு எம்புள்ள ஒரே அழுக."

ரோஸ்மேரி மன்னிப்புக் கேட்டார். அவளை ஒருதரம் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, கிதர் முகம்மது வேண்டாமென்று தலையாட்டினார்.

அலுவலகப் பதிவேட்டில், படிப்பை நிறுத்தும் காரணம் என்ற இடத்தில் சடையாண்டி வழக்கம்போல 'குடும்பச் சூழல்' என்று எழுதியிருந்தார். ரோஸ்மேரி அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி, அதை அடித்துவிட்டு, 'ஆசிரியர் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை' என்று எழுதினார்.