ஈலண்டுக்கும் அதே தோட்டாவா?

துப்பாக்கிக்கும் எனக்கும் வெகு தூரம். கல்யாண வீட்டு வெடிக்கே காதைப் பொத்திக்கொள்ளும் ஆள் நான். அப்படிப்பட்டவன் ஒரு சனிக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு, ஷார்ஜா முவைலாவில் என் பலசரக்குக் கடையைக் கூட்டாளி தலையில் கட்டிவிட்டு, துப்பாக்கி சுடும் இடத்துக்குக் கிளம்பினேன் என்றால் அதற்குக் காரணம் சபீர்.

சபீர் என் சாச்சா மகன், சித்தப்பா பிள்ளை. கீழக்கரைக்காரன். அபுதாபியில் ஓர் அரபி வீட்டில் பதினொரு வருடமாக டிரைவர். வருடத்தில் பத்து நாள் மட்டும் வேறு வேலை. அவனுடைய அர்பாப், அதாவது முதலாளி, நமீபியாவுக்கு வேட்டைக்குப் போவார். கூடவே இவனும் போவான். துப்பாக்கியைத் தொட இவனுக்கு லைசென்ஸ் கிடையாது. கத்தி மட்டும்தான் இவன் டூட்டி. அர்பாப் பிஸ்மி சொல்லிச் சுடுவார். விழுந்த மிருகத்துக்கு உயிர் இருந்தால் இவன் ஓடிப்போய் அறுக்க வேண்டும்.

முந்தின இரவு போன் செய்திருந்தான். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம். “காக்கா, இந்தத் தடவ நான் வரலன்னு அர்பாப்ட்ட சொல்லப் போறேன். தனியாச் சொல்ல பயமா இருக்கு. நீங்க சும்மா பக்கத்துல நின்னா போதும்.”

“சொன்னா வேலை போயிருமாடா?”

“போனாலும் போவும்.”

ஷார்ஜாவிலிருந்து அபுதாபிக்கு நூற்று அறுபது கிலோமீட்டர். பஸ்ஸுக்கு முப்பது திர்ஹம். எட்டரைக்கு அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் ஒரு கராஜ் வாசலில், ஏசி சரி செய்த லேண்ட் குரூசரோடு சபீர் நின்றான். ஆளைப் பார்த்தால் ஒரு வாரம் தூங்காதவன் போல இருந்தான். வண்டி அல் ஐன் சாலையில் ஏறியதும் கதையைக் கொட்டத் தொடங்கினான்.

அர்பாப்பிடம் முன்பு இரண்டு துப்பாக்கி இருந்ததாம். வெள்ளாட்டளவு இருக்கும் ஸ்பிரிங்பாக் மானுக்குச் சின்னது, எருமையைவிடப் பெரிதாக நிற்கும் ஈலண்ட் மானுக்குப் பெரியது. தோளில் ஆபரேஷன் ஆனதிலிருந்து பெரியதின் உதையை அவரால் தாங்க முடியவில்லை. போன வருடம் ‘தேர்ட்டி ஓ சிக்ஸ்’ என்ற நடுரகத் தோட்டா போடும் ஒரே துப்பாக்கியை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டார்.

“மானுக்கெல்லாம் ஒண்ணும் பிரச்சன இல்ல காக்கா. கடைசி நாள் ஒரு ஈலண்ட். முந்நூறு தப்படி தூரம். சுட்டாரு, வயித்துல பட்டுச்சு. அது ஓடிருச்சு. பொழுது சாஞ்சு மஃரிப் ஆகுற வரைக்கும் ரத்தத்தப் பாத்துப் பாத்து நடந்தேன். மறுநாளும் தேடினோம். கெடைக்கவே இல்ல. அல்லாஹ் பேரச் சொல்லிச் சுட்டது, அறுக்க ஆளில்லாம எங்கயோ கெடந்து செத்துருக்கு. அந்த ராத்திரி அர்பாப்பும் சாப்பிடல.”

 அவனைச் சிரிக்க வைக்க, முதல் வருட வேட்டைக் கதையை நானே எடுத்துவிட்டேன். சுவரில் மாட்டுவதற்கென்று அர்பாப் ஆசைப்பட்டுச் சுட்ட மானை, நம் ஆள் பக்ரீத் ஆடு மாதிரி தாடையடியில் ஒரே இழுப்பாக அறுத்து, கழுத்துத் தோலைக் கிழித்துவிட்டான். தலையைப் பாடம் செய்யும் வெள்ளைக்காரன் குதித்தானாம். அர்பாப் மட்டும், “கல்லாஸ், விடு, கறி ஹலாலாச்சே, சுவர் எங்கே ஓடிவிடப் போகிறது” என்றாராம். சபீர் லேசாகச் சிரித்தான். “நல்ல மனுசன் காக்கா. அதான் சொல்ல வாய் வரமாட்டேங்குது.”

பத்து மணிக்கு, அர்பாப் சுட்டுப் பழகும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். முசஃபாவிலிருந்து தொண்ணூற்றெட்டு கிலோமீட்டர். நான்கு பக்கமும் மணல், நடுவில் தகரக் கூரை, தூரத்தில் குறிப்பலகைகள். அர்பாப் முன்பே வந்திருந்தார். அறுபது வயதிருக்கும், ஒல்லியான ஆள். எனக்குத் தன் கையால் கஹ்வா, அரபிக் காப்பி, ஊற்றிக் கொடுத்தார். பாதி இந்தி, பாதி அரபியில் பேச்சு, தமிழில் தருகிறேன்.

சபீர் வாயைத் திறக்கிற மாதிரி இல்லை. சரி, பிள்ளையார் சுழி நாமே போடுவோம் என்று நான் கேட்டேன்: “ஒரே தோட்டா எல்லாத்துக்கும் போதுமா அர்பாப்?”

அவருக்குக் கோபமில்லை. “ஒரே துப்பாக்கி என்றால் கைக்குப் பழகிவிடும். குண்டு எங்கே இறங்கும், எவ்வளவு உதைக்கும் எல்லாம் தெரியும். இரண்டு இருந்தால் மனசும் இரண்டாகும்” என்றார். சொன்னது நியாயமாகத்தான் பட்டது. பிறகு தோளைத் தடவிக்கொண்டு, “பெரியதை இனி நான் தூக்கப்போவதும் இல்லை” என்றார். அதைக் கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

காதை அடைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். நூறு மீட்டரில் மூன்று குண்டு. கஹ்வாக் கோப்பையால் மூடிவிடலாம், அத்தனை நெருக்கம். முந்நூறு மீட்டரில் மூன்று; ஒன்று நடுவில், ஒன்று ஓரத்தில், ஒன்று தாளிலேயே இல்லை. சபீர் போய் இரண்டு தாளையும் எடுத்துவந்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். 

“அர்பாப், ஈலண்டுக்கும் இந்தத் தோட்டா போதும்” என்றான். நான் திகைத்துவிட்டேன். வரமாட்டேன் என்று சொல்லத்தானே வந்தான்! “அறுத்து உள்ளே பார்க்கிறவன் நான். பக்கத்தில் நின்று நெஞ்சில் சுட்டால் எதுவும் விழும். நூற்றைம்பது தப்படிக்கு மேலே வேண்டாம். போன வருஷம் மாதிரி இன்னொன்றின் பின்னால் என்னால் நடக்க முடியாது. அப்படித்தான் என்றால் நான் வரவில்லை.”

அர்பாப் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.  போச்சு, பதினொரு வருட வேலை போச்சு என்றே நினைத்தேன்.

“அங்கே ஆசை கண்ணை மறைத்துவிடும், சபீர்” என்றார் மெதுவாக. “இருநூறில் பெரிய கொம்போடு ஒன்று நிற்கும். அப்போது என்னிடம் மாஃபி, கூடாது என்று சொல்வாயா?”

“சொல்வேன்.”

“நான் கத்தினால்?”

“கத்தினாலும் சொல்வேன், அர்பாப்.”

“அப்படியானால் வா. நீ தலையாட்டாமல் நான் சுடமாட்டேன்.” துப்பாக்கியைத் துடைத்து உறையில் வைத்தார். என் பக்கம் திரும்பி, “நல்ல தம்பி” என்றார்.

 திரும்பும் வழியில் சபீர் பதினொன்றரைக்கு ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினான். நான் இரண்டு கரக் டீ வாங்கிக்கொண்டு திரும்பினால் ஆளைக் காணோம். பார்த்தால், அந்த வெயிலில், டயருக்குக் காற்றடிக்கும் இடத்திலிருந்து பள்ளிவாசல் சுவர்வரை ஏதோ முணுமுணுத்தபடி நடந்துகொண்டிருந்தான். போய்ச் சேர்ந்ததும் திரும்பி, புறப்பட்ட இடத்தைக் கண்ணை இடுக்கிப் பார்த்தான். மறுபடி நடந்தான்.

“டேய், என்னடா இது கூத்து?”

“நூத்தம்பது தப்படின்னா எவ்வளவு தூரம்னு கண்ணுல ஏத்திக்கிறேன் காக்கா. நேத்து வரைக்கும் அது அவர் சுட்டது, அவர் பாடு. இனிமே நான் தப்பாத் தலையாட்டிட்டா, அந்த உயிருக்கு நான்ல பதில் சொல்லணும்.”

டீயைத் தரையில் வைத்துவிட்டு, சுவரோரம் போய் நின்றேன். “இங்க நிக்கிறேன், சரியாப் பாத்துக்க” என்றேன். அவன் எண்ணிக்கொண்டே பின்னால் நடந்து போனான்.